கொட்டகையில் ஊளையிட்ட தொண்டூர்க்காரி

என் பேத்தி வளர்க்கிற நாய்க்கு டீவியில் கிரிக்கெட் பிடிக்காது, சமையல் நிகழ்ச்சி பிடிக்கும். எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டால் எங்கே படுத்திருந்தாலும் ஓடிவந்து டீவிக்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்ச நேரம் பார்க்கும். பிறகு எழுந்து டீவிக்குப் பின்பக்கம் போய் மோந்து பார்க்கும். அங்கே ஒயரையும் தூசியையும் தவிர ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், இப்படி ஏமாற்றிவிட்டீர்களே என்பது போல எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடும். பேத்தி அதைச் செல்போனில் பிடித்து எல்லாருக்கும் அனுப்புகிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும்தான் சிரிக்கிறேன். ஆனால் அது பின்பக்கம் போகிறபோது மட்டும் எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. அதே மாதிரி பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்த இன்னொரு நாயை எனக்குத் தெரியும்.

அது அறுபதுகளின் நடுவில். டீவி என்ற சொல்லே எங்கள் பக்கம் வராத காலம். செஞ்சியில் எங்களுக்கு டூரிங் டாக்கீஸ் இருந்தது. அதைக்கூட யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம், கொட்டகை என்போம். திருவண்ணாமலை ரோட்டோரம் கீற்றுப் போட்டு, தரைக்கு மணல் கொட்டி, நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு மண்சுவர் வைத்திருப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். முன்னால் இருப்பவள் தலை மறைத்தால் மணலைக் கூட்டிக் குவித்து அதன்மேல் உட்காருவோம். அவளும் குவிப்பாள். படம் முடிகிறபோது ஒவ்வொருத்தியும் ஒரு மேட்டின்மேல் இருப்பாள். மேற்கே ராஜகிரி மலை நின்று வெயிலை மறைத்துவிடுவதால் எங்களுக்குப் பொழுது சீக்கிரமே சாயும். சாய்ந்தவுடன் ரெக்கார்டு போடுவார்கள். பாட்டு மலையில் போய் மோதி இன்னொரு தரம் வரும்.

என் வீட்டுக்காரர் அந்தக் கொட்டகையில் ஆபரேட்டர். பெண் பார்க்க வந்தவர்கள் என் நைனாவிடம், "மாப்ள மிஷினு ஓட்றாருங்க" என்றார்கள். நைனா நெல்லு மிஷின் என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டார். கல்யாணத்துக்கு அப்புறம்தான் சினிமா மிஷின் என்று தெரிந்தது. நைனாவுக்குக் கொஞ்ச நாள் வருத்தம். ஓசியில் படம் பார்த்த பிறகு வருத்தம் தீர்ந்துவிட்டது.

எனக்குத்தான் தீரவில்லை. நான் பிறவியிலேயே பயந்தவள். நான் பிறந்த தொண்டூரில் ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் இருந்தது. ஆறாவதுக்குப் பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டும். வழியில் ஏரிக்கரை, கரையில் புளியமரங்கள். முதல் வாரமே காய்ச்சலில் விழுந்தேன். அதோடு படிப்பு நின்றது. அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து நெருப்போடு விளையாடுகிற தொழில்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். மிஷினுக்குள் இரண்டு கார்பன் குச்சிகள் எதிரெதிராக நின்று எரியும், அந்த வெளிச்சம்தான் படமாக விழும். அது அவர் கண்ணைக் கெடுத்துவிடுமோ? பிலிம் சிக்கிப் பற்றிக்கொள்ளுமோ? மேலே முழுக்கக் காய்ந்த கீற்று, மிஷின் இருக்கிற கேபினுக்கு ஒரே வாசல், அதுவும் குனிந்து போகிற வாசல். ஆடிக் காற்று அடித்தால் என்ன ஆவது? இப்படி ஒன்றை யோசித்து முடிப்பதற்குள் இன்னொன்று வந்து நிற்கும்.

என் பயத்தைத் தெரிந்த அம்மா, துணைக்கு இருக்கட்டும் என்று எங்கள் வீட்டு நாயையும் என்னோடு அனுப்பிவைத்தாள். செம்மண் நிறம். ஒரு காது நிற்கும், ஒரு காது மடிந்திருக்கும். அதற்குப் பெயர் என்று ஒன்றும் கிடையாது. என் மாமியார்தான் வைத்தார். என்னையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், தொண்டூர்க்காரி என்பார். நாயையும் அப்படியே. "தொண்டூர்க்காரி தின்னுட்டாளா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தால் நாங்கள் இரண்டு பேருமே எழுந்து நிற்போம்.

முதல் ஆட்டத்தின் நடுவில் அவருக்கு நான் சோறு கொண்டுபோவேன். ஒரே மிஷின் என்பதால் ரீல் மாற்றுவதற்குப் பல இடைவேளைகள் விடுவார்கள். ஒன்றில் கேரியரைக் கேபின் வாசலில் வைத்துவிட்டுப் பெண்கள் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்வேன். படத்தில் எழுத்து வந்தால் எழுத்துக்கூட்டிப் பக்கத்திலிருப்பவர்களுக்குப் படித்துச் சொல்வேன். ஐந்தாவது படிப்புக்கு அங்கே அவ்வளவு மரியாதை இருந்தது. நாயும் கூடவே வரும். கொட்டகைக்குப் பக்கச் சுவர் பாதிதான், நாய் வருவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் நாள் அது செய்ததை இப்போது நினைத்தாலும் கண்முன் நிற்கிறது. திரையில் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன. நாய் நின்று, மடியாத காதைத் தூக்கி, கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு ஜனங்களுக்கு நடுவே புகுந்து நேரே திரைக்குப் பின்னால் போனது. எனக்கு உயிரே போய்விட்டது. திரையைக் கிழித்துவிட்டால் அவருக்கு வேலை போய்விடுமே என்று நானும் பின்னாலேயே ஓடினேன். அது அங்கே மூங்கிலை மோந்தது, கயிற்றை மோந்தது, ஸ்பீக்கர் பெட்டியை மோந்தது. குதிரையும் இல்லை, குதிரையின் வாசனையும் இல்லை. ஒரு மூங்கிலின் அடியில் குந்தி ஒன்றுக்கு இருந்துவிட்டுத் திரும்பி வந்து என் பக்கத்தில் மணலைப் பறித்துப் படுத்தது. அதற்கப்புறம் புலி வந்தாலும் சரி, சண்டை வந்தாலும் சரி, திரைப் பக்கம் அது திரும்பியதே கிடையாது. நான் இதையெல்லாம் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

கேபினில் ஒரு பூனையும் இருந்தது, எலிக்காக வைத்திருந்தார்கள். அதற்கும் படம் வேண்டாம். மண்சுவர்மேல் உட்கார்ந்து, தலைக்குமேல் போகிற வெளிச்சத்தில் பறக்கிற பூச்சிகளைக் கையால் அடித்துக்கொண்டிருக்கும். சில நேரம் திரையில் கதாநாயகி அழுகிறபோது பெரிய பூனைக்கை ஒன்று வந்து அவள் கன்னத்தைத் தட்டும். ஆண்கள் பக்கம் விசில் பறக்கும்.

பிறகு அந்த அம்மன் படம் வந்தது.

அம்மன் படம் வந்தால் கொட்டகை கோயிலாகிவிடும். மேனேஜரே திரைக்கு முன்னால் மணல் மேடை கட்டி, மஞ்சள் தெளித்து, பக்கத்தில் இரண்டு சிவப்பு வாளியில் மணல் நிரப்பி வைத்துவிடுவார். டிக்கெட் ஜன்னலிலேயே கற்பூரமும் கிடைக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவார்கள். படத்தில் புற்று பிளந்து அம்மன் எழுகிற இடத்தில் பெண்கள் தட்டோடு போய்த் திரைக்கே கற்பூரம் காட்டுவார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் கேபின் ஓட்டை வழியாகப் பார்த்து, "கீத்து கொட்டாயில நெருப்பு காட்றாங்க பாரு" என்று பல்லைக் கடிப்பார்.

முதல் நாள் அந்த இடம் வந்தது. புற்றிலிருந்து புகை கிளம்பியது. திரையில் ஒருத்தர் சங்கை எடுத்து ஊதினார். என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த நாய் விருட்டென்று எழுந்தது. மூக்கை ஆகாசத்துக்குத் தூக்கி, கழுத்தை நீட்டி, ஊளையிட ஆரம்பித்தது. சாதாரண ஊளை இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. அம்மன் எழுந்து நிற்கிற வரைக்கும் விடவில்லை.

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. எனக்கு மணலுக்குள் புதைந்துகொள்ளலாம் போல இருந்தது. அப்போது ஒரு அம்மாள், "நாய்க்கே அருளு வந்துடுச்சிடி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். ஆளாளுக்கு வந்து நாயின் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். உடைத்த தேங்காயில் ஒரு சில்லு அதற்கும் கிடைத்தது. வீட்டுக்கு வந்தபோது மாமியார் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, ரெண்டு தொண்டூர்க்காரியும் பொட்டு வெச்சிகினு வர்றீங்க?" என்றார்.

மறுநாளும் அதே இடத்தில் அதே ஊளை. அதற்கும் குங்குமம்தான்.

அதற்கு அடுத்த நாள் விடிந்ததும் எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் போய்விட்டார். வயதானவர், இழுத்துக்கொண்டிருந்தவர். ஆனால் அவர் முந்தின நாள் சாயந்திரம், கடைசியாக அம்மனைப் பார்க்கிறேன் என்று மகனைப் பிடித்துக்கொண்டு வந்து கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். பேச்சு புரண்டுபோக அது போதாதா? குங்குமம் வைத்த அதே அம்மாள், "அது அருளு இல்லடி. அம்மனோட எமனும் வர்றான். மனுசங்க கண்ணுக்குத் தெரியல, நாயி கண்ணுக்குத் தெரியுது" என்றார். சாவு வீட்டில் சங்கு ஊதியபோது தெரு நாய்களெல்லாம் ஊளையிட்டன. எங்கள் நாயும்தான். எல்லாரும் அதையே பார்த்தார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று பிடித்தது. ஊளையிடும்போது நாய் மூக்கைத் தூக்குமல்லவா? தூக்கியபோது அந்த மூக்கு திரைப் பக்கம் இல்லை. திரைக்கு எதிரே, உயரத்தில், கேபின் ஓட்டைப் பக்கம் இருந்தது. அந்த ஓட்டைக்குப் பின்னால் அவர் நிற்கிறார். நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? கிணற்றடியில் யாரோ மாமியார் காதில் போட்டுவிட்டார்கள்.

மாமியாருக்கு அவர் ஒரே பிள்ளை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"எம் புள்ளய பாத்தாடி ஊளையிடுது உன் நாயி?"

"தெரியலிங்க அத்த."

"தெரியலியா? எல்லாருக்கும் தெரியுது, உனக்குத் தெரியலியா? இனிமே அது கொட்டாய்க்குப் போவக் கூடாது. கட்டிப்போடு."

மேனேஜரும் அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இந்தாம்மா, நாயிக்கி பயந்துகினு பொம்பளைங்க வர மாட்டேங்கறாங்க. அத இந்தப் பக்கம் இட்டாராத."

வீட்டிலேயே கட்டிப்போட்டேன். எங்கள் வீடு கொட்டகைக்குக் கிட்டத்திலேயே இருந்தது. சாயந்திரம் சோற்றைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவந்து நாயின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். கொட்டகையிலிருந்து வசனம் கேட்டுக்கொண்டிருந்தது. உடுக்கை கேட்டது. அப்புறம் சங்கு. மலையில் போய்த் திரும்பி வந்து இன்னொரு சங்கு. நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நின்று ஊளையிட்டது. இத்தனை நாள் கொட்டகையில் கேட்ட ஊளை இப்போது எங்கள் வீட்டுக்குள்ளேயே கேட்டது. அடுப்படியில் மாமியார் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

அன்றைக்கே முடிவாகிவிட்டது. அவலூர்பேட்டையிலிருந்து வாராவாரம் வியாழக்கிழமை சந்தைச் சாமான் ஏற்றிக்கொண்டு வருகிற வண்டிக்காரர் ஒருவர் மாமியாருக்குத் தூரத்து உறவு. அவரிடம் சொல்லி அனுப்பினார். சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு போய், திரும்பி வர வழி தெரியாத இடமாகப் பார்த்து விட்டுவிட வேண்டும். வியாழக்கிழமை காலையில் வருவதாகச் சொன்னார்.

நான் மாமியாரோடு சண்டை போட்டேன் என்று எழுத ஆசைதான். போடவில்லை. என் வீட்டுக்காரர் உயிருக்கு ஒன்று என்றால் என்ன செய்வது என்ற பயம் ஒரு பக்கம். தொண்டூரிலிருந்து வந்ததில் எனக்கென்று இருப்பது இது ஒன்றுதானே என்ற நினைப்பு இன்னொரு பக்கம். சாக்குக்குள் அது மூச்சு விட முடியுமா, அவலூர்பேட்டைத் தெரு நாய்கள் இதைக் கடித்துவிடுமா என்று அந்தக் கவலையையும் சேர்த்துப் பட்டுக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் ஆரம்பத்தில் இதைக் காதிலேயே வாங்கவில்லை. சாக்கு என்றதும்தான் நிமிர்ந்தார்.

"ஏம்மா, நேத்து ஊட்ல கட்டிக் கெடந்துச்சே. இங்கிருந்து அதுக்கு அம்மன் எங்க தெரிஞ்சிது?"

"நாயி கண்ணுக்கு செவுரு ஏதுடா?" என்றார் மாமியார்.

"அப்படின்னா புலி வந்தா ஏன் கொலைக்கல? போன படத்துல அம்மாம் பெரிய புலி வந்துச்சே."

"புலி வேசம்டா. அம்மன் வேசமா? அதுக்குத் தெரியாதா எது நெசம், எது பொய்னு?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பிவிட்டார்.

கொட்டகை வாசலில் வேர்க்கடலை விற்கிற அக்கா ஒருத்தர் இருந்தார், வேதக்கார அக்கா. மாதா படம் போட்ட சுருக்குப் பை இடுப்பில் தொங்கும். புதன்கிழமை காலையில் நான் அழுத கண்ணோடு கடைக்குப் போகும்போது வழியில் பிடித்துக்கொண்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எங்க கோயில்ல மணி அடிச்சா எங்க ஊட்டு நாயி மூணு வேளையும் இப்பிடித்தான் ஊளையிடுது. அப்ப எமன் எங்க சாமியாரு ஊட்லதான் குடியிருக்கறானா?"

"அது மணிக்கா!"

"இது மட்டும் இன்னாவாம்?"

மத்தியானம் என் வீட்டுக்காரருக்குச் சோறு போடும்போது அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் சாதத்தைப் பிசைந்தபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"இன்னிக்கி சோறு எடுத்தாரும்போது உங்க ஊருக்காரியயும் இட்டுகினு வா."

"மேனேஜரு வேணாம்னாரே!"

"ரீலு மாத்தற நேரத்துல அவரு டீக்கடைக்குப் போயிடுவாரு. நீ வா." பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "யம்மா, வெள்ளிக்கிழம படம் மாறுது. நீ இன்னும் அம்மன பாக்கவே இல்லியே. இன்னிக்கி வந்து பாத்துடு."

மாமியார் சினிமாவுக்கு வருகிறவர் இல்லை. ஆனால் அம்மன் என்று சொல்லிக் கூப்பிட்டால் வராமல் இருக்க முடியுமா? வந்தார். கையில் கற்பூரம், நெற்றி நிறையக் குங்குமம். பின்னால் நான், என் முந்தானைக்குப் பின்னால் நாய். அதைப் பார்த்ததும் மாமியார் முகம் கறுத்தது. நாளைக்குப் போகப்போகிறதுதானே என்று நினைத்தாரோ என்னவோ, முன்னால் நடந்து போய் உட்கார்ந்தார். கடலைக்கார அக்கா தன் கூடையை நகர்த்தி, அந்த மறைவில் நாய்க்கு இடம் விட்டார்.

என் வீட்டுக்காரர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லியிருந்தால் நான் பயத்தில் எல்லாரிடமும் சொல்லியிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை என்று பிற்பாடு சொன்னார்.

அந்த இடம் வந்தது. புற்றில் விரிசல் விட்டது. நான் இரண்டு கையாலும் நாயின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கு ஒரு நாள் ஊளையிடாமல் இருந்துவிட்டால் மாமியார் மனசு மாறும் என்று ஒரு நப்பாசை.

திடீரென்று சத்தம் நின்றுவிட்டது.

படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. ஆண்கள் பக்கம் எழுந்துவிட்டார்கள். "யோவ் ஆபரேட்டர், சவுண்டு!" "தூங்கிட்டியாய்யா?" "அம்மனுக்கு தொண்ட கட்டிக்கிச்சாய்யா?" விசில், கைதட்டல், யாரோ மணலை அள்ளித் திரைப் பக்கம் வீசினார்கள். பெண்கள் பக்கம் மட்டும் அமைதி. சத்தம் இல்லாவிட்டாலும் அம்மன் எழுந்துகொண்டுதானே இருக்கிறாள்? தட்டோடு எழுந்துவிட்டார்கள். திரையில் அந்த ஆள் கன்னத்தை உப்பிக்கொண்டு சங்கு ஊதுகிறார். ஒரு முறை. இன்னொரு முறை.

என் கைக்குள் இருந்த வாய் தளர்வாக இருந்தது. திமிறவில்லை. நாய் மெதுவாக நாக்கை நீட்டி, என் விரலில் ஒட்டியிருந்த குழம்பை நக்கியது. நான் கையை எடுத்தேன். அது எழவில்லை. ஆளுயரத்துக்கு அம்மன் எழுந்து, கண்ணைத் திறந்து, சூலத்தை ஓங்கி நிற்கிறாள். என் நாய் தன் வாலடியில் ஏதோ கடிப்பதைத் தேடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் மாமியாரைப் பார்த்தேன். அவர் அம்மனைப் பார்க்கவில்லை. கையில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு நாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது முறை சங்கை வாயில் வைத்தபோது, கொட்டகை அதிரச் சத்தம் திரும்பி வந்தது. நாய் துள்ளி எழுந்தது. மூக்கு மேலே போனது. ஊளை கிளம்பியது.

"அம்மன் வந்து எம்மா நேரமாவுது, உங்க நாயி இப்பத்தான் பாக்குதா?" என்று கடலைக்கார அக்கா கொட்டகைக்கே கேட்கிற மாதிரி கேட்டார். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் எல்லாரும். குங்குமம் வைத்த அம்மாள்கூட. மண்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "நாயிக்கி சவுண்டு வந்தாத்தான் படமாம்யா, நம்மள மாதிரி!" என்றது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கற்பூரத்தைக் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

டீக்கடையிலிருந்து ஓடிவந்த மேனேஜர் கேபின் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "சவுண்டு பல்பு லூசு சார், இறுக்கிட்டன்" என்று என் வீட்டுக்காரர் சொல்வது எனக்குக் கேட்டது. அவ்வளவு சாதுவாக அவர் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் வாசலில் நின்று, "அந்த சங்கு எனக்கே காத கிழிக்குது" என்று மட்டும் சொன்னார். அது எங்களுக்குச் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா தெரியவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை நம்பலாமா கூடாதா என்று நான் விடிகிறவரை புரண்டுகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலையில் வண்டிக்காரர் வந்துவிட்டார், தோளில் சாக்கு. நாய் அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. எமனைத் தெரிந்துகொள்கிற நாயாம்! மாமியார் அவருக்கு ஒரு சொம்பு கூழ் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்கிற வரைக்கும் நின்றார்.

"குடிச்சிட்டு கெளம்பு. நாயிய எடுத்துகினு போவ வேணாம்."

"நீதான அண்ணி வரச்சொன்ன?"

"சொன்னன். இப்ப வேணாங்கறன். ராத்திரில பொம்பளைங்க தனியா இருக்கற ஊடு. நாயி இல்லாம எப்பிடி?"

அவர் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மாமியார் உள்ளே திரும்பி, "தொண்டூர்க்காரிக்கி சோறு வைடி" என்றார். அப்போது மட்டும் யாரைச் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அன்றைக்கு மத்தியானம் என் வீட்டுக்காரர் கேட்டார்: "இப்பவாவது பயம் போச்சா?"

"போச்சு" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "ஏங்க, நாயிக்கி ஒண்ணுமே தெரியலன்னா, நெசமாவே எமன் வந்தா நமக்கு யாருங்க சொல்றது?" என்றேன்.

அவர் கார்பன் கறை படிந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் மாமியார் வெளியே வந்து பார்த்தார்.

லைசென்ஸ் முடிந்ததும் கொட்டகையைப் பிரித்து வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். மறுபடி போட்டார்கள், மறுபடி பிரித்தார்கள். பிறகு ஊரில் கட்டடத் தியேட்டர் வந்தது, அவர் அங்கே போனார். அங்கே நாய்க்கு அனுமதி இல்லை. நாய் ரோட்டில் படுத்து அவருக்காகக் காத்திருக்கும். ரொம்ப நாள் இருந்தது. கடைசியில் மாமியார் கட்டிலுக்கு அடியில்தான் படுக்கும். செத்தபோது வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டு, மாமியார் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

நான் பயந்த எதுவும் என் வீட்டுக்காரருக்கு நடக்கவில்லை. கார்பன் அவர் கண்ணைக் கெடுக்கவில்லை, பிலிம் பற்றவில்லை, கீற்று எரியவில்லை. வயதான பிறகு ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். முன்கூட்டி எந்த நாயும் சொல்லவில்லை. சங்கு ஊதியபோது தெரு நாய்கள் ஊளையிட்டன. பக்கத்தில் இருந்த ஒருத்தி, "பாரு, வாயில்லாத ஜீவனுக்குத் தெரிஞ்சிருக்குது" என்று அழுதாள். "சங்குக்கு" என்றேன். துக்கத்தில் ஏதோ உளறுகிறேன் என்று நினைத்து அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

போன ஆடி வெள்ளிக்கிழமை அந்த அம்மன் படத்தை டீவியில் போட்டார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகு. பேத்தி வேறு ஏதோ வேலையாக இருந்தாள். நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், நாய் என் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது. புற்று பிளந்தது, முதல் சங்கு ஒலித்தது. நாய் தலையைத் தூக்கியது. மூக்கு மேலே போனது.

"ஆயா! சாமிய பாத்து ஊளையிடுது பாரு!" என்று பேத்தி செல்போனோடு ஓடிவந்தாள்.

"ரிமோட்ட குடு" என்றேன். சத்தத்தை நிறுத்துகிற பொத்தான் எது என்று அவள்தான் காட்டிக்கொடுத்தாள். அழுத்தினேன். அம்மன் சத்தமில்லாமல் எழுந்தாள். நாய் கொஞ்சம் குழம்பி நின்றது. பிறகு படுத்து, தலையை என் காலின்மேல் வைத்துக்கொண்டது. ஆபரேட்டர், சவுண்டு என்று கத்துவதற்கு அந்த ஹாலில் யாரும் இல்லை. மூன்றாவது சங்கு முடிகிற வரைக்கும் நான் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.